விலை போகாத வீடு, தயங்கும் வாங்குபவர்: வாசகர் கேள்வி – பதில்

மடிப்பாக்கம் வாசகி: எங்கள் ஃபிளாட் 1,000 சதுர அடி, கட்டி 20 வருடம் ஆகிறது. 62 லட்சம் சொல்லி எட்டு மாதமாகியும் படியவில்லை. வந்து பார்ப்பவர்கள் மறுபடி கூப்பிடுவதில்லை. விலையைக் குறைப்பதா, காத்திருப்பதா?

முதலில் பத்திரத்தை எடுத்து யுடிஎஸ் எவ்வளவு என்று பாருங்கள். பழைய ஃபிளாட்டின் விலை பெரும்பாலும் இந்தப் பிரிக்கப்படாத மனைப் பங்கில்தான் இருக்கிறது. பேச்சுக்கு, உங்கள் பங்கு 450 சதுர அடி, தெருவில் மனை சதுர அடி 8,000 ரூபாய் என்று வைப்போம். நிலம் 36 லட்சம். கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட 22 லட்சம் ஆகும் என்றால், 20 வருடத் தேய்மானத்துக்குப் பாதியைக் கழித்து 11 லட்சம். மொத்தம் 47 லட்சம். கார் பார்க்கிங், லிஃப்ட், நல்ல தண்ணீர் எல்லாம் சேர்த்து 51, 52 வரை கேட்கலாம். உங்கள் கணக்கு இப்படி வந்தால், 62-க்கு எட்டு மாதம் இல்லை, எத்தனை மாதம் காத்தாலும் ஆள் வராது.

மனை விலையை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் பக்கத்து மனையின் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டால், கடைசிக் கிரயம் எந்தத் தொகைக்குப் பதிவானது என்று தெரியும். கைமாறிய முழுத் தொகையும் பத்திரத்தில் ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் விளம்பர விலையை விட அது நம்பத்தக்கது.

குறைப்பதென்றால் ஒரே தடவையில் குறையுங்கள். மாதம் ஒரு லட்சம் என்று இறக்கினால், இன்னும் இறங்கும் என்று புரோக்கரே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவார். 52 லட்சம் சொல்லும் ஃபிளாட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 41.6 லட்சம்தான் கடன் தரும். மீதி 10.4 லட்சமும், முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதமும் வாங்குபவர் கையிலிருந்து போக வேண்டும். கிட்டத்தட்ட 15 லட்சம் கையிருப்பாக வைத்திருப்பவர்தான் உங்கள் ஆள். விலையை ஏற்றினால் அவரும் விலகிவிடுவார்.

பார்த்தவர் திரும்பி வராததற்கு இன்னொரு காரணம், பல வீடுகளில், பாத்ரூம் ஓரத்துக் கூரையில் மேல்வீட்டுக் கசிவு விட்ட மஞ்சள் கறை. அதன் மேல் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். ஒரு மழையில் மறுபடி தெரியும், நம்பிக்கையும் போய்விடும். மேல்வீட்டாரிடம் பேசி டைல்ஸ் இடுக்குகளையும் வடிகுழாய் இணைப்பையும் சரி செய்து, சுவர் முழுதாகக் காய்ந்த பிறகு பட்டி பார்த்து அடியுங்கள்.

தாம்பரம் வாசகர்: என் வீட்டின் மேல் வங்கிக் கடன் பாக்கி இருக்கிறது. வாங்க வந்திருப்பவரும் கடன் போட்டுத்தான் வாங்குகிறார். எது முதலில், எது பிறகு?

உங்கள் வங்கியிடம் இரண்டு கடிதங்கள் வாங்குங்கள். ஒன்று, கடனை முழுதாக அடைக்க வேண்டிய தொகை. மற்றது, அவர்கள் வசம் உள்ள அசல் பத்திரங்களின் பட்டியல். இரண்டையும் பத்திர நகல்களோடு வாங்குபவரின் வங்கிக்குக் கொடுத்தால் வழக்கறிஞர் கருத்துரை தொடங்கிவிடும். கடன் அனுமதியானதும், உங்கள் கடன் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு உங்கள் வங்கியின் பெயருக்கே டிடி எடுக்கச் சொல்லுங்கள்.

இங்கே அடிக்கடி இடறுவது ஒரு சின்னத் தொகை. அடைப்புத் தொகைக் கடிதம் குறிப்பிட்ட தேதி வரைதான் செல்லும். அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் வட்டி ஏறும். டிடி பத்து நாள் தாமதமானால் சில ஆயிரம் குறையும், கணக்கு மூடாது. கடிதத்திலேயே நாள் வட்டியை எழுதி வாங்கி, அந்தத் தொகையை நீங்கள் தயாராக வைத்திருங்கள். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனுக்கு முன்கூட்டி அடைக்கும் அபராதம் கிடையாது.

கடன் முடிந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும்; வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. பத்திரம் கைக்கு வந்ததோடு வேலை முடியவில்லை. கடன் வாங்கியபோது உரிமை ஆவண ஒப்படைப்பை (பத்திரத்தை வங்கியிடம் அடமானமாகக் கொடுத்ததை) சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருந்தால், அடைத்ததற்கான ரசீதையும் அங்கே பதிய வேண்டும். பதியாவிட்டால் வில்லங்கச் சான்றில் பழைய கடன் அப்படியே நிற்கும்.

கோவை வாசகர்: மாமனார் வீட்டை 60 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். பதிவுக்காக அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு 70 லட்சம் வருகிறது. அந்த விலைக்கே கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம். ஆனால் இருவருக்கும் வரி வரும் என்பதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் 70 லட்சத்துக்கே கட்ட வேண்டும், 6.3 லட்சம். வருமான வரியில், வழிகாட்டி மதிப்பு விற்பனை விலையின் 110 சதவீதத்தைத் தாண்டினால் விற்பவர் 70 லட்சத்துக்கே விற்றதாகக் கொள்ளப்படும். வாங்குபவருக்கோ வித்தியாசமான 10 லட்சம் அந்த வருட வருமானத்தில் சேரும். அவர் 30 சதவீத வரி வரம்பில் இருந்தால் செஸ் என்ற கூடுதல் வரியுடன் 3.12 லட்சம் கட்ட நேரிடும்.

இப்போது அதே வீட்டை 64 லட்சத்துக்குப் பேசிப் பாருங்கள். 64-இன் 110 சதவீதம் 70.4 லட்சம்; வழிகாட்டி மதிப்பு அதற்குள் அடங்கிவிடுகிறது. இருவருக்குமே இந்தச் சிக்கல் இல்லை. வாங்குபவர் கூடுதலாகத் தருவது 4 லட்சம், மிச்சமாவது 3.12 லட்சம். இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதி அவர் முன் வையுங்கள். பேரம் பெரும்பாலும் அங்கேதான் படியும்.

வழிகாட்டி மதிப்பே நியாயமில்லை என்று தோன்றினால், சந்தை விலைக்குப் பதிவு செய்து, முத்திரைத்தீர்வைக்கான தனித் துணை ஆட்சியரின் முடிவுக்கு அனுப்பக் கேட்கலாம். அதுவரை ஆவணம் நிலுவையில் நிற்கும். வங்கிக் கடனில் வாங்குபவருக்கு அது ஒத்துவராது. இன்னொன்று: விலையோ வழிகாட்டி மதிப்போ 50 லட்சம் அல்லது அதற்கு மேல் இருந்தால், வாங்குபவர் இரண்டில் பெரிய தொகையில் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். இங்கே 70,000 ரூபாய். மாமனார் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த விகிதம் பொருந்தாது. பிடித்தம் மிகவும் அதிகம், 50 லட்சம் வரம்பும் கிடையாது.

திருச்சி வாசகி: புது வீடு வாங்கிவிட்டோம். பழைய வீடு இன்னும் விற்கவில்லை. பழைய வீட்டை விற்ற லாபத்தைப் புது வீட்டில் போட்டால் கிடைக்கும் வரிச்சலுகைக்குக் காலக்கெடு உண்டா?

உண்டு. புது வீடு வாங்கிய ஒரு வருடத்துக்குள் பழையது விற்றாக வேண்டும். பழையதை முதலில் விற்றவர்களுக்குத்தான் வாங்க இரண்டு வருடம், கட்ட மூன்று வருடம் என்ற அவகாசம். சந்தை மந்தமாக இருக்கும்போது உங்களைப் போல முதலில் வாங்கியவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

லாபம் 40 லட்சம் என்றால் 12.5 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்ந்து 5.2 லட்சம். கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது 3 லட்சம் குறைத்து விற்பதே உங்களுக்கு லாபம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடாக இருந்தால், பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதக் கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதை வைத்து முடிவு செய்யுங்கள். கெடு தாண்டிவிட்டால், வரியைத் தவிர்க்க, விற்ற ஆறு மாதத்துக்குள் இதற்கென உள்ள ஐந்து வருடக் கடன்பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம்.

வேலூர் வாசகர்: வாங்குபவர் ஆறு மாத அவகாசமும் ரொக்க அட்வான்ஸும் பேசுகிறார். சரியா?

இரண்டுமே வேண்டாம். வீடு விற்பதற்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் விதிக்கலாம். மூன்று மாதம் போதும். கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்பதைக் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். பேச்சு முறிந்தால் ரத்துப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்திட்டு அதையும் பதியுங்கள். இல்லையென்றால் அடுத்து வருபவர் வில்லங்கச் சான்றைப் பார்த்ததும் பின்வாங்கிவிடுவார்.

ஓஎம்ஆர் வாசகர்: பில்டரிடம் விற்காமல் கிடக்கும் ஃபிளாட்டை வாங்கினால் என்ன கேட்டுப் பேரம் பேசலாம்?

பணி நிறைவுச் சான்று வாங்கிய கட்டடமா என்று முதலில் கேளுங்கள். சான்று வந்தபின் விற்கும் ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதற்கு முன் என்றால் பொதுவாக 5 சதவீதம். சதுர அடி விலையைக் குறைக்க மறுப்பவர்கள் கூட பார்க்கிங், பராமரிப்பு டெபாசிட், மரவேலை இவற்றில் இறங்கி வருவார்கள். ஒப்பந்தம் பதிவாகும் முன் 10 சதவீதத்துக்கு மேல் பணம் தர வேண்டாம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின்படி அவர் கேட்கவும் கூடாது. இரண்டு, மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஃபிளாட்டில் எல்லாக் குழாயையும் திறந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள்.