டிரக்கை 2 அங்குலம் மட்டும் உயர்த்த ஸ்பேசர் போதுமா, நீளமான ஸ்பிரிங் வேண்டுமா?

கூடுதல் எடை எதுவும் ஏற்றாமல், சற்றுப் பெரிய டயருக்கு இடம் கிடைத்தால் போதும் என்றால் ஸ்பேசரே (இடைவெளியைக் கூட்ட இடையில் வைக்கும் கட்டை) போதும். முன்பக்கம் சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) தலையில் சுமார் 1 அங்குல ஸ்பேசர் வைத்தாலே சக்கரத்தில் ஏறத்தாழ 2 அங்குலம் உயரும், ஏனென்றால் ஸ்ட்ரட், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கையான கண்ட்ரோல் ஆர்மின் நடுவில் எங்கோ பிடித்திருக்கிறது, சக்கரமோ அதன் நுனியில் இருக்கிறது. ஸ்பிரிங் பழையதே, அதனால் ஓட்டும் சுகம் பெரிதாக மாறாது. ஆனால் சக்கரம் முழுதாகக் கீழே தொங்கும்போது சக்கரத்தருகே அசையும் இணைப்புகளான பால் ஜாயின்ட்டும் ஆக்ஸில் ஜாயின்ட்டும் அதிகமாகச் சாய்கின்றன, கரடுமுரடான பாதையில் அடிக்கடி ஓட்டினால் அவை சீக்கிரம் தேயும்.

முன்னால் இரும்பு பம்பர், வின்ச் (வண்டியைக் கயிற்றால் இழுக்கும் கருவி) மாட்டப் போகிறீர்களா? அப்போ அந்த எடைக்கேற்ற ஸ்பிரிங்தான் சரி, ஸ்பேசர் எடையைத் தாங்க எந்த உதவியும் செய்யாது. ஸ்பிரிங்கோடு நீளமான ஷாக்கையும் சேர்த்தே வாங்குங்கள், பழைய ஷாக்கை வைத்தால் சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறைந்து, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டொக் என்று முட்டும்.

அழுத்தி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆபத்து, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் சரியான கம்ப்ரஸர் இல்லாமல் கழற்றவே வேண்டாம். எதைப் போட்டாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம், அப்புறம் ஹெட்லைட்டையும் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.