திரையில் படித்தது கைகொடுக்குமா? சிறார் இல்லத்தில் புதிதாகச் சேரும் ஒருவரின் கேள்வி

கேள்வி: சிறார் தடுப்பு இல்லம் ஒன்றில் பராமரிப்புப் பணியாளராகத் தேர்வாகியிருக்கிறேன். சேரும் முன் ஆன்லைன் பயிற்சியை முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பாதி முடித்துவிட்டேன், ஒவ்வொரு பாடத் தேர்விலும் நல்ல மதிப்பெண்தான். ஆனாலும் முதல் நாளே ஒரு பையன் கத்த ஆரம்பித்தால் என்ன செய்வேன் என்று நினைத்தால் உள்ளங்கை வியர்க்கிறது. இந்தப் பயிற்சியால் நிஜமாகவே பயன் உண்டா? மீதியை எப்படிப் படிப்பது?

பதில்: பயன் உண்டு. ஆனால் நீங்கள் எதை நினைத்துப் பயப்படுகிறீர்களோ, அதற்குத்தான் குறைவாக உதவும். கத்துகிற பையன் முன்னால் நிற்பது திரையைப் பார்த்து வருகிற பழக்கம் இல்லை. அதற்காக ஏட்டுச் சுரைக்காய் என்று மொத்தமாக ஒதுக்கிவிடாதீர்கள். திரை நன்றாகச் சொல்லித்தரும் சில விஷயங்களை வேலை நேரத்தில் உட்கார வைத்துச் சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.

முதலாவது, எதைச் செய்யவே கூடாது என்பது. சுதந்திரம் பறிக்கப்பட்ட சிறாரின் பாதுகாப்புக்காக ஐ.நா. பொதுச்சபை 1990 டிசம்பரில் ஏற்ற விதிகளை ஹவானா விதிகள் என்பார்கள். அடிப்பது, இருட்டறையில் போடுவது, தனிமைச் சிறை, சாப்பாட்டைக் குறைப்பது, குடும்பத்தோடு பேச விடாமல் தடுப்பது, ஒருவன் செய்ததற்கு எல்லோரையும் தண்டிப்பது எல்லாவற்றையும் அதன் 67ஆம் விதி தடை செய்கிறது. கடைசி இரண்டையும் நன்றாக மனதில் வையுங்கள். அடிக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். "சொல்றதைக் கேக்கலைன்னா இந்த வாரம் அம்மாகிட்ட பேச முடியாது" என்பது மட்டும் களைத்துப்போன நல்ல மனிதர் வாயிலிருந்தும் சுலபமாக வந்துவிடும். இந்தப் பாடத்தைப் படிக்கும்போது உங்கள் இல்லத்தின் கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதற்கு யாருடைய அனுமதி வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தற்கொலைத் தடுப்பு. மற்ற பாடங்களை ஒருமுறை பார்த்தால் இதை மூன்று முறை பாருங்கள். ஆபத்து கூடும் நேரங்கள் உண்டு: உள்ளே வந்த முதல் சில மணி நேரமும் முதல் சில நாட்களும், நீதிமன்றம் போய்வந்த மாலை, வருவதாகச் சொன்ன வீட்டார் வராத நாள், அறையில் தனியாக இருக்கும் பொழுது. அறைகளைச் சுற்றிப் பார்ப்பதை ஒரே சீரான இடைவெளியில் செய்யாதீர்கள். சரியாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறீர்கள் என்றால், உள்ளே இருப்பவனுக்கும் அந்தக் கணக்கு தெரிந்துவிடும். குறிப்பிட்ட வரம்பைத் தாண்டாமல், முன்னே பின்னே போய்ப் பாருங்கள். போர்வையின் மேடு தெரிந்தால் போதாது, மூச்சு ஏறி இறங்குவது தெரிய வேண்டும். பார்த்த பிறகுதான் பதிவேட்டில் நேரத்தை எழுத வேண்டும். ஷிஃப்ட் தொடங்கும்போதே நேரங்களையெல்லாம் வரிசையாக நிரப்பிவைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. யார் சொல்லிக்கொடுத்தாலும் பழகிக்கொள்ளாதீர்கள்.

"தற்கொலை எண்ணம் வருகிறதா என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாக ஆகிவிடுமோ" என்ற தயக்கம் புதியவர்கள் எல்லோருக்கும் வரும். ஆகாது, நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. தேர்வில் இந்தக் கேள்விக்குச் சரியான விடையை டிக் செய்துவிடுவீர்கள். ஆனால் வாய்க்குப் பழக்கம் வேண்டுமே? கதவைச் சாத்திக்கொண்டு, "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முதல் முறை தொண்டையில் சிக்கும். பத்து முறை சொன்னால் குரல் சமனாகிவிடும். பிறகு அவன் என்ன சொன்னானோ அதை அவன் வார்த்தையிலேயே எழுதி, தனியாக விடாமல், உடனே மேலே சொல்ல வேண்டும். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கேட்பான். அந்த வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள்.

சரி, கத்துகிற பையனிடம் வருவோம். 2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் பல வயதினருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், தனியாக ஆடியதைவிட நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது மிக அதிகமாக ஆபத்தை விலைக்கு வாங்கினார்கள். 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. உங்கள் வேலைக்கு இதன் பொருள்: சண்டைக்கு நிற்பவனை நகர்த்துவதைவிடச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்களை நகர்த்துவது சுலபம், பலனும் அதிகம். கூட்டம் கலைந்ததும், அவன் முகம் கெடாமல் பின்வாங்க ஒரு வழி கிடைக்கிறது. நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், இரண்டு கை நீளம் தள்ளி நில்லுங்கள். குறைவாகப் பேசுங்கள். அவன் குரல் ஏற ஏற உங்கள் குரல் இறங்கட்டும். இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் ஆள் வேண்டும். வீட்டில் யாரையாவது கத்தச் சொல்லிப் பழகுங்கள். சிரிப்பு வரும், பரவாயில்லை.

உடலைப் பிடித்துக் கட்டுப்படுத்தும் பாடத்தை மட்டும் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதாக நினைக்கவே கூடாது. குப்புறப் படுக்கவைத்து முதுகில் எடை போட்டால் மூச்சு நின்றுபோகும். பிள்ளைகள் இப்படி இறந்திருக்கிறார்கள். "பேச முடியுதில்ல, அப்ப மூச்சும் விட முடியும்" என்பது கொடிய தவறு. "மூச்சு முட்டுது" என்று சொன்னால் அந்தக் கணமே பிடியை விட வேண்டும். பயிற்றுநர் எதிரில் நின்று சொல்லித்தரும்வரை இந்த வேலைக்கு உங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அப்படிக் கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பயிற்சி வீடியோக்களை இன்னொன்றுக்கும் பயன்படுத்தலாம், இது நான் புதியவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் வேலை. ஒரு காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, பார்த்ததை ஐந்து வரியில் சம்பவ அறிக்கையாக எழுதுங்கள். "திமிராக நடந்துகொண்டான்" என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். "மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தேன், சுவரைப் பார்த்தபடி நின்றான், பதில் இல்லை" என்று எழுதுங்கள். முன்னது உங்கள் எரிச்சலைச் சொல்கிறது. பின்னதைப் படிக்கும் மனநல ஆலோசகர், இவனுக்குக் காது சரியாகக் கேட்கிறதா, பயத்தில் உறைந்து நின்றானா என்றெல்லாம் யோசிக்க முடியும்.

மீதிப் பாடங்களை ஒரே ராத்திரியில், இரட்டை வேகத்தில் ஓட்டி முடிக்காதீர்கள். நாளுக்கு ஒன்று போதும். ஒரு வாரம் கழித்து, வீடியோவைப் பார்க்காமல் பழைய தேர்வை மறுபடி எழுதிப் பாருங்கள். அப்போது வரும் மதிப்பெண்தான் நிஜமான மதிப்பெண். ஒவ்வொரு பாடத்திலிருந்தும் "இங்கே இதை எப்படிச் செய்வீங்க?" என்று கேட்க ஒரு கேள்வியை எழுதிவைத்து, சேர்ந்ததும் அனுபவசாலி ஒருவரோடு ஷிஃப்ட் பார்க்கும் நாட்களில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

முதல் நாள், பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவையும் உண்டு. உதவிக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது, எந்தச் சாவி எந்தக் கதவுக்கு, இரவில் மருத்துவ உதவிக்கு யாரை அழைப்பது. அப்புறம், கழுத்தில் சுருக்கு விழுந்தால் அறுத்தெடுக்கும் கருவி எங்கே இருக்கிறது? அதைக் கையில் வாங்கி, ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். பூட்டிய அலமாரியில் இருக்கிறது என்றால், அந்தச் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்றும் கேளுங்கள்.