ஃபார்மேட் அடித்தால் தடை நீங்குமா?

கேள்வி: கோட்டையூரிலிருந்து எழுதுகிறேன் தம்பி. பேரனுக்கு லீவுக்கு என்று காரைக்குடியில் ஒரு கடையில் பழைய நின்டெண்டோ சுவிட்ச் கேம் மெஷின் ஒன்றை 16,500 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளேயே 40 கேம் ஏற்றியிருக்கிறது என்றார்கள். பத்து நாள் நன்றாகத்தான் ஓடியது. சிங்கப்பூரில் இருக்கும் மகள் பிள்ளையோடு சேர்ந்து விளையாடலாம் என்று முதல் தடவையாக வைஃபை போட்டதும் 2124-4007 என்று ஒரு எண் வந்து நின்றுவிட்டது. "ஃபார்மேட் அடித்தால் சரியாகிவிடும், 1,500 ரூபாய் ஆகும்" என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் ஆச்சி. அது வைஃபை கோளாறு இல்லை. இந்த மெஷினுக்கு ஆன்லைன் சேவையை நின்டெண்டோ நிறுத்திவைத்திருக்கிறது என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். காரணம், உங்களுக்கு இலவசமாக வந்த அந்த 40 கேம்.

ஒவ்வொரு சுவிட்சுக்கும் தொழிற்சாலையிலேயே அதற்கென்று ஒரு டிஜிட்டல் சான்றிதழைப் பதித்து அனுப்புகிறார்கள். ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. நெட்டில் நுழையும்போதெல்லாம் மெஷின் அதைக் காட்டித்தான் உள்ளே போகிறது. காசு கொடுத்து டவுன்லோடு செய்த கேமுக்கும், கடையில் வாங்கும் கேம் கார்டுக்கும் இதேபோல் தனி அடையாளம் உண்டு. திருட்டு கேமுக்கு அந்த அடையாளம் இருக்காது, இல்லாவிட்டால் வேறொருவருடையதை நகலெடுத்ததாக இருக்கும். அதைச் சர்வர் கவனித்துவிட்டால் சான்றிதழைத் தடைப் பட்டியலில் ஏற்றிவிடும்.

நம் பக்கத்தில் கல்யாணம் ஆனதும் தம்பதியைத் தனிக் குடும்பமாகக் கோவில் ஏட்டில் பதிந்து புள்ளி சேர்க்கிறோம் இல்லையா? வீட்டுக்கு வெள்ளையடித்தாலும் சரி, வளவையே பிரித்துக் கட்டினாலும் சரி, கோவில் ஏட்டில் எழுதியது எழுதியதுதான். ஃபார்மேட் என்பது வெள்ளையடிக்கிற வேலை. ஏடு நின்டெண்டோவிடம் இருக்கிறது. அந்த 1,500 ரூபாய்க்குப் பேரனுக்கு ஒரு நல்ல கேம் கார்டாவது பார்க்கலாம்.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. 2009 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் இப்படித்தான் மாற்றியமைத்த எக்ஸ்பாக்ஸ் 360 மெஷின்களை ஆன்லைனிலிருந்து மொத்தமாக வெளியேற்றியது. பத்து லட்சம் வரை இருக்கும் என்று அப்போது செய்திகள் வந்தன. கம்பெனி எண்ணிக்கை சொல்லவில்லை. அப்புறம் அந்த மெஷின்களில் பல நேரே போய் இறங்கிய இடம் பழைய சாமான் சந்தை. உங்கள் கைக்கு வந்த சுவிட்சும் அநேகமாக அந்த வழியில் வந்ததுதான். முதல் தடவை நெட்டில் போட்டதுமே தடை எண் வந்தது என்றால், கடையில் இருந்தபோதே அது தடைபட்ட மெஷினாக இருந்திருக்க வேண்டும். பேரனைத் திட்டாதீர்கள்.

தடை மெஷினுக்கு. பெரும்பாலும் அக்கவுன்ட்டுக்கு இல்லை. பேரனின் அக்கவுன்ட் வேறொரு நல்ல சுவிட்சில் வேலை செய்ய வாய்ப்பு நிறைய. அதனால் அதை இந்த மெஷினிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். யார் யாரோ கைவைத்த மென்பொருள் இதில் ஓடுகிறது. மகளின் வங்கிக் கார்டு எண்ணை எக்காரணம் கொண்டும் இதில் போட வேண்டாம்.

இனிக் கடைக்குப் போகும் கதை. போவதற்கு முன் இரண்டு வேலை. ஒன்று, எண் திரையில் தெரிய, மெஷினின் சீரியல் நம்பரும் தெரிய ஒரு வீடியோ. இரண்டு, மெமரி கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டு, உள்ளே இருக்கும் ஃபோல்டர்களின் பட்டியலைப் படம் எடுப்பது. ஒழுங்கான சுவிட்சின் கார்டில் 'நின்டெண்டோ' என்ற ஃபோல்டர்தான் இருக்கும். 'அட்மாஸ்ஃபியர்' என்று ஒன்று கூடவே கிடந்தால் மெஷின் மோட் செய்யப்பட்டது, அதாவது அதன் மென்பொருளில் கைவைத்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஃபார்மேட்டுக்குக் கொடுத்தால் இந்தச் சாட்சிதான் முதலில் அழியும். கடைக்காரர் அதில் ஆர்வம் காட்டுவதை நான் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்க்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் கேளுங்கள். குறையை மறைத்து விற்றது கடையின் தப்பு. மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. துண்டுச்சீட்டு ரசீது என்றாலும் பத்திரமாக வையுங்கள். கடையில் வாங்காமல் தெரிந்த பையனிடம் நேரே விலைக்கு வாங்கியிருந்தால் இந்த வழி அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

நின்டெண்டோவுக்கே எழுதலாமா என்றால், எழுதலாம், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 2025-இல் சுவிட்ச் 2 வந்த புதிதில், பழைய கேம் கார்டுகளை நல்லெண்ணத்தில் வாங்கித் தடைபட்ட ஒருவர், வாங்கியதற்கான ஆதாரத்தைக் காட்டி மீண்டதாகச் செய்தி வந்தது. அவர் மெஷினில் கோளாறு இல்லை. உங்களுடையதில் மெஷினிலேயே கைவைத்திருக்கிறார்கள்.

சட்டத்தில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு, திருட்டு நகல் என்று 'தெரிந்தே' கணினி நிரலைப் பயன்படுத்துவதைக் குற்றம் என்கிறது. இதுவரை உங்களுக்குத் தெரியாது. இதைப் படித்த பிறகு தெரியும். அதனால் அந்த 40 கேமை இனித் தொட வேண்டாம், விஷயத்தைச் சொல்லாமல் வேறு யார் தலையிலும் கட்டவும் வேண்டாம்.

பழைய சாமான் வாங்கத் தெரிந்த ஊர் நம் ஊர். முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு எனாமல் தூக்குச்சட்டியைக்கூட அடியைத் திருப்பிப் பார்க்காமல் யாரும் விலை பேசுவதில்லை. கேம் மெஷினுக்கு அடியைத் திருப்புவது என்றால், காசு கொடுக்கும் முன்பே கடையில் நின்று உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் அதை இணைத்து, நின்டெண்டோவின் ஆன்லைன் கடையான ஈஷாப்பைத் திறந்து பார்ப்பது. திறந்தால் பேசலாம். "இங்கே சிக்னல் இல்லை, வீட்டில் போய்ப் பாருங்கள்" என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கடை பணம் தரும்வரை பேரன் சும்மா இருக்க வேண்டியதில்லை. தடைபட்ட சுவிட்சிலும் அசல் கேம் கார்டு ஓடும், பக்கத்திலிருக்கும் இன்னொரு சுவிட்சோடு நெட் இல்லாமலே இணையும். மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் மாதிரி ஒன்றை ஆளுக்கொரு கார்டாக வைத்துக்கொண்டால், சிங்கப்பூர்க்காரன் அடுத்த கல்யாணத்துக்கு ஊருக்கு வரும்போது வீட்டுப் பட்டாலையில் எதிரெதிரே உட்கார்ந்து விளையாடலாம்.