பழைய மவுஸுக்கு இன்னும் மவுசு இருக்கா?

போன இதழ்ல ஒரு வாசகி, புது மவுஸ் வாங்கினதுல இருந்து கை வலிக்குதுன்னு எழுதியிருந்தாங்க. பழைய மவுஸ் அலமாரில இருந்தா அதையே எடுத்து மாட்டுங்கன்னு நாலே வரில பதில் போட்டேன். அந்த நாலு வரிக்கு இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல. அதனால இந்த தடவ பக்கம் முழுக்க மவுஸ்தான், சமையல் கேஸ் மானியம் பத்தி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கணும்.

கேள்வி: சார், இருபது வருஷமா கல்யாணப் பத்திரிகை, காலண்டர் டிசைன் பண்றேன். ஒரே மவுஸ். நல்லா மேடா இருக்கும், வலது கை அப்படியே அதுமேல உக்காந்துரும். இப்ப அது ஒரு தடவ அமுக்கினா ரெண்டு தடவயா எடுத்துக்குது. மகன் பாத்துட்டு ஒல்லியா, சத்தமே வராத வயர்லெஸ் மவுஸ் ஒண்ணு வாங்கிக் குடுத்தான். ரெண்டே வாரத்துல மணிக்கட்டு விண்ணு விண்ணுங்குது. கேட்டா "அப்பா உங்களுக்கு வயசாயிருச்சு"ங்கறான். வயசா, மவுஸா?
— பிரஸ் டிசைனர், சிவகாசி

பதில்: மவுஸ்தான் அண்ணாச்சி. மகன்கிட்ட தைரியமா சொல்லுங்க.

மேடான மவுஸ்ல உள்ளங்கையோட கனம் முழுக்க மவுஸ் மேல இறங்கிரும், விரலுக்கு அமுக்குற வேலை மட்டும்தான். ஒல்லி மவுஸ்ல உள்ளங்கைக்கு அடியில ஒண்ணுமே கிடையாது, கை அந்தரத்துல நிக்கும், இல்லன்னா மணிக்கட்டு மேசை விளிம்புல அழுந்தும், மவுஸ நகத்துறதும் விரல், புடிச்சுக்கறதும் விரல், அமுக்குறதும் விரல். நீங்க கோரல்டிராங்கற டிசைன் சாஃப்ட்வேர்ல கோட்டு மேல இருக்கற புள்ளிய புடிச்சு இழுத்து மயில் தோகை வளைக்கற ஆளு, பட்டன விடாம அமுக்கிட்டே இருக்கணும், அப்ப கை நோகாம என்ன செய்யும்? அந்த ஒல்லி மவுஸ யோசிச்சவங்க லேப்டாப் பைக்குள்ள நுழையுமான்னுதான் முதல்ல பாத்திருப்பாங்க. இன்னொண்ணு, சத்தமில்லாத பட்டன். ராத்திரி குழந்தை தூங்குற வீட்டுக்கு அது வரம். ஆனா டக்குனு ஒரு சின்ன உதை விரலுக்குத் தெரிஞ்சாதானே அமுக்கினோம்னு மனசு நம்பும், அது தெரியலன்னா நம்மள அறியாம இன்னும் அழுத்தி அமுக்குறோம்.

உங்கள மாதிரி கேட்டவங்க நிறைய பேர்ங்கறதுக்கு சாட்சி அந்த கம்பெனிங்களே. மைக்ரோசாஃப்ட் 2017ல கிளாசிக் இன்டெலிமவுஸ்னு ஒண்ணு விட்டாங்க, பாத்தா பழைய இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் 3.0 உடம்பு அப்படியே. லாஜிடெக் 2005ல விட்ட எம்எக்ஸ்518ன்னு ஒரு மவுஸ், அத நிறுத்தினப்புறமும் ஆளுங்க தேடி அலைஞ்சாங்க, கடைசில 2019ல அதே உடம்புக்குள்ள புது சென்சார வெச்சு திரும்ப கொண்டுவந்தாங்க. கேட்டீங்கன்னா அதுதான் சரியான வழி, சட்டை பழசு, உள்ள இருக்கறது புதுசு.

இப்ப உங்க பழைய மவுஸுக்கு வருவோம், தூக்கிப் போட்டுறாதீங்க. அதுக்கு வந்திருக்கறது ரொம்ப சாதாரண வியாதி. பட்டனுக்கு நேர் கீழ போர்டுல கறுப்பா ஒரு குட்டி டப்பா இருக்கும், அதுதான் மைக்ரோ ஸ்விட்ச். அதுக்குள்ள ஒரு மெல்லிசான உலோகத் தகடு, அமுக்கினா டக்குனு வளைஞ்சு கீழ தொடும், விட்டா துள்ளி மேல போகும். ஒரு கோடி, ரெண்டு கோடி க்ளிக் தாங்கும்னு கணக்கு சொல்லி விக்கறாங்க, ஆனா தொடுற இடம் தேஞ்சு கறுத்துப் போச்சுன்னா தகடு ஒழுங்கா ஒட்டாம அதிரும், அந்த அதிர்வ மவுஸ் ரெண்டு க்ளிக்னு எண்ணிக்கும். மவுஸ கவுத்துப் போட்டு அடியில ஒட்டியிருக்கற வழவழப்பான ஸ்டிக்கர் பாதத்த நகத்தால மெதுவா தூக்குங்க, ஸ்க்ரூ அதுக்கு கீழதான் ஒளிஞ்சிருக்கும் (நான் முதல் தடவ ஸ்க்ரூவே இல்லன்னு நினைச்சு கத்தி வெச்சு நெம்பி மூடிய ஒடச்சவன்). செல்போன் ரிப்பேர் பண்ற எந்த தம்பிகிட்ட குடுத்தாலும் மூணு கால் ஸ்விட்ச எடுத்துட்டு புதுசு வெச்சு ஈயம் பத்த வெச்சுக் குடுத்துருவாரு. ஸ்விட்ச் கிடைக்கலையா, பாதி மவுஸ்ல இடது வலது ரெண்டுக்கும் ஒரே மாதிரி ஸ்விட்ச்தான், வலது பட்டன் அதிகம் உழைக்காத பட்டன், ரெண்டயும் இடம் மாத்தி வெச்சா இன்னும் கொஞ்ச வருஷம் ஓடும்.

மணிக்கட்டு மட்டும் பழைய மவுஸுக்கு மாறியும் ஒரு மாசத்துல சரியாகலன்னா டாக்டரப் பாத்துருங்க, அந்த வைத்தியம் எனக்குத் தெரியாது.

கேள்வி: எங்க மாமா இன்னமும் உருண்டை வெச்ச மவுஸ்தான் பெஸ்ட்டுன்னு வாதாடுறாரு. அதுல இருந்த கண்ட்ரோல், அடியில வெளிச்சம் எரியற லைட் மவுஸ்ல இல்லையாம். உண்மையா?
— கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: மாமாவுக்கு என் வணக்கம், ஆனா இல்லம்மா. பழசு பிடிக்கும்னு சொல்ற நானே இந்த ஒரு விஷயத்துல புதுசு கட்சி.

உருண்டை மவுஸ் நீ பாத்திருக்க மாட்ட. ரப்பர் பூசின இரும்பு குண்டு ஒண்ணு அடியில உருளும், அது உருளும்போது உள்ள ரெண்டு சின்ன ரோலர உரசி சுத்த வைக்கும், ஒண்ணு மேல கீழ, ஒண்ணு இடது வலது, ரோலர் முனையில பல்லு பல்லா வெட்டின சக்கரம், அந்த இடுக்கு வழியா கண்ணுக்குத் தெரியாத ஒளி விட்டு விட்டு போறத எண்ணித்தான் அம்பு எவ்ளோ நகரணும்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த குண்டு மேசைல உள்ள தூசி, எண்ணெய், முறுக்குத்தூள் எல்லாத்தயும் உருட்டி உள்ள கொண்டுபோய் ரோலர்ல பூசிரும். கொஞ்ச நாள்ல ரோலர சுத்தி சாம்பல் கலர்ல மோதிரம் மாதிரி ஒரு அழுக்கு வளையம். அப்புறம் அம்பு பாதி வழில நின்னுக்கும், நீ இழுப்ப, அது வராது, மவுஸ தூக்கி டொக்குனு தட்டுவ. கடைசில அடி மூடிய திருகி, குண்ட உள்ளங்கைல எடுத்து, அந்த அழுக்க நகத்தால சுரண்டி... சுருட்டி சுருட்டி வரும், அதுல ஒரு சுகம் இருந்தது உண்மை. மாமா தேடுறது அந்த சுகத்ததான்னு நினைக்கறேன்.

எங்க காலேஜ் லேப்ல திங்கக்கிழமை காலைல பாதி மவுஸ்ல குண்டே இருக்காது. கோலி விளையாட பசங்க எடுத்துட்டுப் போயிருவாங்க. லேப் அட்டெண்டர் கடைசில மூடிக்கெல்லாம் செலோடேப் ஒட்டிட்டாரு, அதுல இருந்து அழுக்கு சுரண்டவும் வழியில்லாம போச்சு.

வரலாறு கேட்டா, உருண்டை மவுஸ் 1968லயே ஜெர்மனில டெலிஃபுங்கன் கம்பெனிக்காரங்க விட்டுட்டாங்க, ரேடார்ல இருந்த உருட்டுப் பந்த தலைகீழா கவுத்த யோசனை. 1999ல வந்த இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் அடியில சிவப்பு லைட்டு போட்டு, மேசையோட தரைய வினாடிக்கு 1500 படம் எடுத்து, படத்துக்குப் படம் என்ன நகந்திருக்குன்னு ஒப்பிட்டுப் பாத்துச்சு. உருளுற சாமானே கிடையாது, அழுக்குக்கு வேலையும் இல்ல. கண்ணாடி மேசைல மட்டும் அது முழிக்கும், ஒரு நோட்டு அட்டைய கீழ வெச்சா போதும்.

மாமா சொல்ற கண்ட்ரோல் அந்த குண்டோட கனம்தான். அந்த கனம் வேணும்னா கனமா ஒரு லைட் மவுஸ் வாங்கிக் குடு, ரெண்டு கட்சிக்கும் சமாதானம்.

கேள்வி: பச்சை கலர் ரவுண்டு பின் மவுஸ் யூஎஸ்பிய விட வேகம்னு சொல்றாங்களே?
— பில்லிங் கவுண்டர் ஊழியர், மதுரை

பதில்: பாதி உண்மைதான். 1987ல ஐபிஎம் பிஎஸ்/2 கம்ப்யூட்டரோட வந்த பின் அது, பச்சை மவுஸுக்கு, ஊதா கீபோர்டுக்குன்னு கலர் பிரிச்சது பின்னாடிதான். பச்சைப் பின் தானா கதவத் தட்டி சேதி சொல்லும், யூஎஸ்பில கம்ப்யூட்டர் போய் "ஏதாச்சும் இருக்கா, இருக்கா"ன்னு கேட்டுட்டே இருக்கும். ஆனா சாதாரண யூஎஸ்பி மவுஸயே வினாடிக்கு 125 தடவ கேக்குது, பச்சைப் பின் வழக்கமா அனுப்பறது 100 தடவதான். பில்லு போடறதுல உங்களுக்கு வித்தியாசம் தெரியப்போறதில்ல. கம்ப்யூட்டர் ஓடிட்டு இருக்கும்போது மட்டும் பச்சைப் பின்ன பிடுங்கி மாட்டாதீங்க, பல சமயம் திரும்ப ஸ்டார்ட் பண்ற வரைக்கும் மவுஸ் செத்த மாதிரியே கிடக்கும், கியூவுல நிக்கறவங்க உங்களத்தான் திட்டுவாங்க.

கேள்வி: பழசு எல்லாமே நல்லதுன்னு சொல்றீங்களா?
— ஒரு நக்கல் வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஐயையோ, இல்லைங்க. 1998ல முதல் ஐமேக் கம்ப்யூட்டரோட ஆப்பிள் ஒரு மவுஸ் குடுத்துச்சு, வட்டமா, அதிரசம் மாதிரி. பாக்கறதுக்கு அழகுன்னா அழகு. ஆனா வட்டத்துக்கு ஏது முன்னாடி பின்னாடி? கையில எடுத்தா எந்தப் பக்கம் தலைன்னு தெரியாது, நேரா நகத்தறோம்னு நினைச்சா அம்பு கோணலா போகும். 2000த்துலயே மாத்திட்டாங்க. அதே கம்பெனியோட புதுசும் ஒண்ணு சொல்லவா? 2015ல வந்த மேஜிக் மவுஸ் 2க்கு சார்ஜ் போடற ஓட்டை வயித்துல, சார்ஜ் ஏறும்போது கவுந்து கிடக்கும், வேலை செய்ய முடியாது. 2024ல அந்த ஓட்டைய யூஎஸ்பி-சியா மாத்தினாங்க, இடம் மட்டும் அதே வயிறுதான்!

கேள்வி: நடு பட்டன் உள்ள மூணு பட்டன் மவுஸ் இப்ப கடைல கேட்டா சிரிக்கறாங்க. சக்கரத்தயே அமுக்குங்கறாங்க. எனக்கு லினக்ஸ்ல (விண்டோஸ் மாதிரி ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம்) அடிக்கடி நடு க்ளிக் வேணும், சக்கரம் உருண்டு உருண்டு பேஜ் ஓடிருது.
— லினக்ஸ் பிரியர், புதுச்சேரி

பதில்: சிரிக்கறவங்களுக்கு ஒரு கதை சொல்லுங்க. 1964ல டக்ளஸ் எங்கல்பார்ட்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் யோசனை சொல்ல, அவர்கூட இருந்த இன்ஜினியர் பில் இங்கிலிஷ் செஞ்ச முதல் மவுஸ் ஒரு மரக்கட்டை, அதுக்கு ஒரே பட்டன். 1968 டிசம்பர் 9ந் தேதி சான் ஃபிரான்சிஸ்கோல உலகத்துக்கு முன்னாடி காட்டினப்ப பட்டன் மூணாயிருச்சு. ஆக மூணு பட்டன்தான் மூத்த பங்காளி, சக்கரம் 1996 இன்டெலிமவுஸுக்கு அப்புறம்தான் ஊரெல்லாம் பரவுச்சு. லினக்ஸ்ல ஒரு வரிய தேர்ந்தெடுத்துட்டு இன்னொரு இடத்துல நடு பட்டன தட்டினா அப்படியே ஒட்டிக்கும், காப்பி பேஸ்ட்னு தனியா கீபோர்டு பக்கம் போகவே வேணாம், பழகினவங்களுக்கு அத விட முடியாது. சக்கரத்த அமுக்கறதுக்கு விரல்ல பலம் வேணும், உருளாமயும் பாத்துக்கணும், ரெண்டும் ஒண்ணா நடக்காது. கம்ப்யூட்டர்ல இன்ஜினியரிங் டிராயிங் (CAD) போடறவங்களுக்குன்னு மூணு தனி பட்டன் மவுஸ் இன்னமும் வருது, ஆன்லைன்ல அப்படிச் சொல்லித் தேடுங்க. விலை கொஞ்சம் கசக்கும். கசப்பா இருந்தா செட்டிங்ஸ்ல சைடு பட்டனுக்கு நடு க்ளிக் வேலைய மாத்திக் குடுங்க.

கேள்வி: நாம கத்தி என்ன ஆகப்போகுது, கம்பெனிக்காரங்க கேக்கவா போறாங்க?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: எப்பயாவது கேப்பாங்க ஐயா. திங்க்பேட் லேப்டாப்ல கீபோர்டு நடுவுல அம்ப நகத்தறதுக்கு சிவப்பா ஒரு பொட்டு இருக்கும், 1992ல இருந்து, அதுக்கு துணையா கீழ தனி பட்டனுங்க. 2013ல சில மாடல்ல அந்த பட்டன எடுத்துட்டு டச்பேடுக்குள்ளயே ஒளிச்சு வெச்சாங்க. வாங்கினவங்க போட்ட கூச்சல்ல 2015 மாடல்ல பட்டன் திரும்ப வந்துருச்சு.

கேள்வி: டிராயர்ல பத்திரமா வெச்ச மவுஸ் எடுத்தா வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுங்குது. என்ன செய்ய?
— இல்லத்தரசி, நாகப்பட்டினம்

பதில்: மேல பூசியிருக்கற ரப்பர் மாதிரி மேல்பூச்சு கெட்டுருச்சுக்கா. காத்துல இருக்கற ஈரத்த வாங்கி வாங்கி அது உடைஞ்சு கூழாகும், உங்க ஊரு கடல் காத்துக்கு கேக்கவே வேணாம். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் பஞ்சுல நனைச்சு பொறுமையா துடைங்க, முழுப் பூச்சும் வந்துரும், கீழ சாதா பிளாஸ்டிக் இருக்கும், அது போதும். இதனாலதான் அந்தக் காலத்து வெறும் பிளாஸ்டிக் மவுஸ் இருபது வருஷம் கழிச்சும் மஞ்சளாச்சே தவிர ஒட்டல.

கேள்வி: மவுஸுக்கு தமிழ்ல என்ன?
— எட்டாம் வகுப்பு, சேலம்

பதில்: சுட்டி. உன்ன மாதிரியே.

கேள்வி: இவ்ளோ பேசறீங்களே, உங்க மேசைல என்ன மவுஸ்?
— பலர்

பதில்: வயர் வெச்சது, சக்கரம் வெச்சது, ஓரத்துல எழுத்து அழிஞ்சு போனது. வயர் மவுஸுக்குள்ள நுழையற இடத்துல ரெண்டு தடவ பிஞ்சு, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்கு. வயர் மேசைல இழுபடாம இருக்க மானிட்டர் காலுல ஒரு துணி கிளிப்ப மாட்டி அதுல தொங்க விட்டிருக்கேன். வீட்ல வாங்கிக் குடுத்த வயர்லெஸ் மவுஸும் பக்கத்துலயே இருக்கு, அதுல பேட்டரி இல்ல, பேட்டரிய சுவர் கடிகாரத்துக்கு எடுத்துட்டேன்.