நாலாவது வருஷம் எந்த ஆஸ்பத்திரியில்? பாராமெடிக்கல் பட்டப் படிப்பு: கேள்வி பதில்

டயாலிசிஸ் டெக்னாலஜி (சிறுநீரகம் வேலை செய்யாதவர்களின் ரத்தத்தை மெஷின் வைத்துச் சுத்தம் செய்வது) படித்துவிட்டு 15 வருடமாக மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குக் கைவேலை சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்பு. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, நீட்டில் மார்க் வரவில்லை. "அப்போ பாராமெடிக்கல் சேர்ந்துடு" என்கிறார்கள். இது டாக்டர் சீட் கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் பரிசா? (மாணவி, உசிலம்பட்டி)

அப்படி நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. அதில் பாதிப் பேர் முதல் வருடம் முழுக்க முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். பல இதய அறுவைகளில் இதயத்தை நிறுத்தி வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் உடம்புக்கு ரத்தம் ஓட்டுகிற இயந்திரத்தை இயக்குபவர் டாக்டர் இல்லை, பெர்ஃபியூஷனிஸ்ட். அவர் படித்தது பி.எஸ்சி. அல்லது எம்.எஸ்சி. அவரை யாரும் ஆறுதல் பரிசு என்று சொல்லிப் பார்க்கட்டும்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ், கார்டியாக், ரேடியோகிராபி, கிரிட்டிக்கல் கேர், விபத்து அவசர சிகிச்சை, பிசிஷியன் அசிஸ்டென்ட் என்று பல பி.எஸ்சி. படிப்புகள் இருக்கின்றன. பெரும்பாலும் மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் கட்டாய இன்டர்ன்ஷிப். பிசியோதெரபி அதைவிட நீளம். அரசு ஒதுக்கீட்டு இடங்களைச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழு கவுன்சலிங் வைத்து நிரப்புகிறது. பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் நடந்து வந்திருக்கிறது. ஆனால் புதுச்சேரி ஜிப்மரில் இதே மாதிரிப் படிப்புகளுக்கு நீட் மார்க் கேட்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.க்குத் தனி விண்ணப்பம். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் சேரும் வருடத்துக் கையேட்டை நீங்களே படியுங்கள், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை நம்பாதீர்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவன். சேரலாமா?

பயாலஜி இல்லாவிட்டால் இந்தப் படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு வழியில்லை, தம்பி. இயற்பியல், வேதியியலோடு உயிரியல், அல்லது தாவரவியலும் விலங்கியலும் வேண்டும்.

மேடம், எங்கள் ஊரில் ஒரு கட்டடத்தில் "ஓராண்டு டயாலிசிஸ் படிப்பு, டிகிரிக்குச் சமம், 100 சதவீதம் வேலை" என்று போர்டு வைத்திருக்கிறார்கள். பெண்ணைச் சேர்க்கலாமா? (ஒரு அப்பா, திண்டிவனம்)

வேண்டாம் அண்ணே.

2021இல் தேசிய அளவில் அலைடு மற்றும் ஹெல்த்கேர் தொழில்களுக்கென்று (நாம் பாராமெடிக்கல் என்று சொல்லும் வேலைகள்) தனிச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி அலைடு ஹெல்த் தொழிலர் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, அதுவும் 2 முதல் 4 வருடத்துக்குள். ஹெல்த்கேர் தொழிலர் என்றால் 3,600 மணி நேரம், 3 முதல் 6 வருடம். ஓராண்டில் டிகிரிக்குச் சமமான ஒன்றை எப்படித் திணிப்பார்கள் என்று அவர்களையே கேளுங்கள். அஞ்சல் வழியில் தருகிறோம் என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள். இந்தச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளை அஞ்சல் வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று 2025இல் யு.ஜி.சி. நிறுத்திவிட்டது.

அங்கீகாரம் உள்ள கல்லூரியிலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: "நாலாவது வருஷம் எந்த ஆஸ்பத்திரியில்?" கட்டடத்தையும் லேபையும் காட்டுவார்கள். நீங்கள் ஆஸ்பத்திரியைக் காட்டச் சொல்லுங்கள். டயாலிசிஸ் என்றால் எத்தனை மெஷின், ஒரு நாளைக்கு எத்தனை ஷிப்ட்? ஓ.டி. என்றால் எத்தனை தியேட்டர் உண்மையில் ஓடுகிறது? அங்கே இன்டர்ன்ஷிப்பில் இருக்கிற பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "கையில் என்ன வேலை கொடுத்தார்கள்?" என்று கேளுங்கள். ஃபைல் தூக்கினேன், பில் கவுன்டரில் உட்கார்ந்தேன் என்றால் அந்த இடம் வேண்டாம். நான் படித்த இடத்தில் இரண்டே இரண்டு மெஷின். அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர். ஊசி போடக் கற்றுக்கொண்டதே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான்.

பிசிஷியன் அசிஸ்டென்டும் மெடிக்கல் அசிஸ்டென்டும் ஒன்றா? அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா "பி.ஏ. (பிசிஷியன் அசிஸ்டென்ட்) படி, இங்கே கொட்டிக் கொடுக்கிறார்கள்" என்கிறார். (மாணவன், கரூர்)

சித்தப்பா சொல்வது அங்கே உண்மை. ஆனால் இங்கே படிக்கும் பி.எஸ்சி. பி.ஏ.வை எடுத்துக்கொண்டு அங்கே போய் நேராக வேலைக்குச் சேர முடியாது. அமெரிக்காவில் பி.ஏ. என்பது டிகிரி முடித்த பிறகு படிக்கும் முதுநிலைப் படிப்பு. அந்நாட்டு அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தால்தான் பான்ஸ் என்ற தேர்வையே எழுத விடுவார்கள். மெடிக்கல் அசிஸ்டென்ட் அங்கே வேறு ஆள். கிளினிக்கில் பி.பி. பார்ப்பது, ரத்தம் எடுப்பது, அப்பாயின்ட்மென்ட், இன்சூரன்ஸ் தாள் என்று உள்ளும் வெளியும் ஓடுகிற வேலை. அதற்குச் சான்றிதழோ இரண்டாண்டுப் படிப்போ போதும். 

இந்தியாவில் பி.ஏ. படிப்பு தொடங்கியது சென்னையில்தான். 1992இல், மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை நிபுணர் கே.எம்.செரியன் முன்னெடுப்பில். அறுவைக் குழுவில் நின்று உதவ ஆள் தேவைப்பட்ட இடத்திலிருந்து பிறந்ததால் இன்றும் இங்கே பி.ஏ.வின் பலம் பெரிய மருத்துவமனைதான். நோயாளியின் கதையைக் கேட்டு எழுதுவது, ரவுண்ட்ஸில் கூடப் போவது, அறுவையில் உதவுவது, டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிப்பது. எல்லாமே டாக்டரின் மேற்பார்வையில். பி.ஏ. படித்துவிட்டு ஊரில் போர்டு மாட்டித் தனியாக மருந்து எழுதலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அது சட்டப்படி குற்றம். வளைகுடாவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பு, உரிமத் தேர்வு இரண்டும் உண்டு. பணி அனுபவமும் கேட்பார்கள். அனுபவக் கடிதங்களை அப்போதைக்கப்போது வாங்கி வையுங்கள்.

டயாலிசிஸ் என்றால் மெஷினை ஆன் செய்து உட்கார்ந்திருப்பதுதானே?

இந்தக் கேள்வி கேட்ட தம்பியை ஒருநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் யூனிட்டுக்குக் கூப்பிடுகிறேன்.

முதல் வேலை தண்ணீர். மெஷினில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 மில்லி டயாலிசிஸ் திரவம் ஓடும். நாலு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு நோயாளிக்கு 120 லிட்டர். அந்தத் தண்ணீரில் குளோரின் மிச்சம் இருந்தால் ரத்தச் சிவப்பணு உடையும். அதனால் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. அறையில் குளோரின் பார்க்காமல் யாரையும் படுக்க வைக்க மாட்டோம். அப்புறம் எடை. போன தடவைக்கும் இப்போதைக்கும் கூடியிருக்கும் ஒவ்வொரு கிலோவும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் நீர். எவ்வளவு எடுப்பது என்று டாக்டர் சொல்வார். பேராசையாக இழுத்தால் பி.பி. விழும், கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். கையில் ஃபிஸ்டுலாவை (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம்) தொட்டால் உள்ளே பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஊசியைத் தொடக்கூடாது, டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி (ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்று) இருப்பவருக்குத் தனி மெஷின்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. வாரம் மூன்று நாள், வருடக்கணக்கில் ஒரே முகங்களைப் பார்ப்போம் என்பதும், ஒருநாள் ஒரு படுக்கை காலியாக இருக்கும் என்பதும் புத்தகத்தில் இல்லை.

பேத்தி எக்ஸ்-ரே படிப்பில் சேரப் பார்க்கிறாள். கதிர் பட்டால் பிள்ளை பிறக்காது என்கிறார்களே? (ஒரு பாட்டி, பேரன் எழுதிக் கொடுத்தது)

பாட்டி, கவலை நியாயமானதுதான். ஆனால் முறையாக நடக்கும் இடத்தில் அவ்வளவு கதிர் அவள்மேல் படாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஊழியருக்கு வரம்பு வைத்திருக்கிறது: ஐந்து வருட சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு). நெஞ்சில் டி.எல்.டி. பேட்ஜ் மாட்டியிருப்பார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி எவ்வளவு பட்டது என்று அளப்பார்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டால், வயிற்றுப் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதபடி வேலையை மாற்றித் தர வேண்டும். எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்டிலும் இந்தக் கதிரே கிடையாது. பேட்ஜ் கொடுக்காத சென்டரில் மட்டும் பேத்தியை வேலைக்கு விடாதீர்கள்.

இன்டர்ன்ஷிப்பில் நோயாளிக்குப் போட்ட ஊசி என் கையில் குத்திவிட்டால்?

சேர்ந்த முதல் மாதமே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைத் தொடங்குங்கள். 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ். கல்லூரி போடும் என்று காத்திருக்காதீர்கள். குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். உடனே சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று மறைத்து மறுநாள் அழுதுகொண்டு வரும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முதல் சில மணி நேரத்தில் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயன் இல்லை. 28 நாள் சாப்பிட வேண்டும்.

சம்பளம்? அரசு வேலை? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

தனியாரில் ஆரம்பச் சம்பளம் குறைவு. வீட்டில் சொல்லக் கூச்சமாக இருக்கும். என் முதல் சம்பளம் 6,500 ரூபாய், அதில் ஹாஸ்டலுக்கே பாதி போனது. மூன்று, நாலு வருடம் கை பழகியவுடன் நிலை மாறும். பெர்ஃபியூஷன், கேத் லேப் (இதய ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்க்கும் இடம்) மாதிரி ஆள் குறைவான இடங்களில் சீக்கிரமே மாறும்.

அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., அறிவிக்கை வெளியிடும். அதில் கல்வித் தகுதியைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். சில பணிகளுக்குக் குறிப்பிட்ட சான்றிதழ் அல்லது டிப்ளமோவைத்தான் கேட்டிருக்கிறார்கள். "நான் அதைவிடப் பெரிய படிப்புப் படித்திருக்கிறேனே" என்பது அங்கே செல்லாது.

அக்கா, எனக்கு ரத்தம் பார்த்தால் தலை சுற்றும். இந்தப் படிப்பு எனக்கு ஆகுமா?

முதல் நாள் யூனிட்டில் நானும் மயங்கி விழுந்தேன், ட்யூபில் ரத்தம் ஓடுவதைப் பார்த்து. கண் விழித்தபோது அடுத்த படுக்கையில் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்த பெரியவர், தனக்கென்று வைத்திருந்த பிஸ்கட்டை என் பக்கம் நீட்டி, "காலையில சாப்பிட்டியா பாப்பா?" என்று கேட்டார். சாப்பிடவில்லை. நீங்கள் போகும்போது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஒரு மாதம் பாருங்கள். அதற்கு மேலும் சுற்றினால் மெடிக்கல் ரெக்கார்டு படிப்பு இருக்கிறது. அதில் ரத்தம் தாளில் மட்டும்தான் வரும்.