ஒரு தரம் டெங்கு வந்து எதிர்ப்பு சக்தி இரிக்கிற ஆளுக்கு, ரெண்டாம் தரம் ஏன் கடுமையா வருது?

கேள்வி கேட்டவங்கட மகனுக்கு போன மாரியில டெங்கு வந்து சுகமாகிட்டாம், இனி வந்தா லேசாத்தானே வரணும், ஏன் எல்லாரும் பயப்படுத்துறாங்க, எதிர்ப்பு சக்தி கூட்டுற பவுடர் குடுக்கவா எண்டும் கேட்டிரிக்காங்க. நான் மட்டக்களப்புல ஒரு லாப்ல ரத்தம் பாக்கிற வேல. மழை தொடங்கினா காத்தான்குடி, ஆரையம்பதி, ஏறாவூர் எண்டு எல்லாப் பக்கத்தாலயும் காய்ச்சலோட வருவாங்க, "இவனுக்கு முந்தியே வந்து போயிட்டு, இனிப் பயமில்ல" எண்டு சொல்ற தாய்மாரும் உம்மாமாரும் நிறையப் பேர். அதனால இத கொஞ்சம் நீட்டியே எழுதுறன்.

டெங்கு வைரஸ்ல 4 வகை இரிக்கு. ஒரு வகை வந்து போனா அந்த வகைக்கு ஆயுசு முழுக்கப் பாதுகாப்பு, மத்த மூண்டுக்கும் சில மாசம்தான். இலங்கையில 1,86,000 பேருக்கு மேல டெங்கு பதிவான 2017ல கூடுதலா ஓடினது ரெண்டாம் வகை.

இப்ப உங்கட மகன்ட ரத்தத்தில பழைய வகைக்கு உண்டான ஆன்டிபாடி, அதாவது கிருமியில ஒட்டி அத எதிர்க்கிற புரதம், இரிக்கு. வேற வகை வைரஸ் வந்தா அந்த ஆன்டிபாடி அதில போய் ஒட்டும், ஆனா சரியாப் பொருந்தாததால வைரஸச் செயலிழக்கப் பண்ண ஏலாது, சும்மா ஒட்டிக்கொண்டு இரிக்கும். சிக்கல் இங்கதான். மொனோசைட், மக்ரோபேஜ் எண்டு ரத்தத்திலயும் திசுக்கள்லயும் திரியிற எதிர்ப்பு செல்கள்ட மேல, ஆன்டிபாடிட வால் பக்கத்தப் பிடிக்கிறதுக்கெண்டே கொக்கி மாதிரி ரிசெப்டர் இரிக்கு, எஃப்சி ரிசெப்டர் எண்டு சொல்லுவாங்க. வால் கிடைச்சா அது பிடிச்சி உள்ளுக்கு இழுத்திடும். வேற கிருமியெண்டா பெரும்பாலும் உள்ள போய் செரிச்சி முடிஞ்சிடும். டெங்கு வைரஸுக்கு இந்த செல்தான் பெருகிற இடமே. உள்ள போன பைக்குள்ள அமிலம் கூடுற நேரம் அது தன்ட உறைய அந்தப் பையோட ஒட்டவச்சி வெளிய வந்து பெருகத் தொடங்கிடும். அதாவது நம்மட ஆன்டிபாடியே கையப் பிடிச்சி வீட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு வந்து விட்ட மாதிரி.

இதில எனக்கு ஆகப் பெரிய ஆச்சரியம் என்னெண்டா அந்த எஃப்சி ரிசெப்டர்லயே ரெண்டு எதிர் எதிர் ஆக்கள் இரிக்காங்க. 2ஏ, 2பி எண்டு பேர். செல்லுக்கு வெளிய இரிக்கிற பாகம் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, ஒரே வாலத்தான் பிடிக்கும். உள்ள இரிக்கிற பாகம்தான் வேற: 2ஏ "விழுங்கு, தாக்கு" எண்டு சிக்னல் குடுக்கும், 2பி "நிப்பாட்டு" எண்டு குடுக்கும். எத்தின 2ஏ, எத்தின 2பி பிடிபட்டிச்சி எண்டதப் பொறுத்துத்தான் செல் என்ன செய்யிற எண்டு முடிவாகும். ரெண்டாம் தரம் டெங்குல 2பி நல்லாப் பிடிபட்டா வைரஸ் உள்ள போறது குறையும். அந்த அடக்குற ரிசெப்டர் இல்லாட்டி நம்மட எதிர்ப்பு செல்கள் நம்மளையே தாக்கத் தொடங்கலாம், அதுவும் எதிர்ப்பு சக்தியில ஒரு பாகம்தான்.

வைரஸ் இதயும் விட்டு வைக்கல்ல. எல்ஐஎல்ஆர்பி1 எண்டு இன்னொரு அடக்குற ரிசெப்டர் இந்த செல்கள்ல இரிக்கு, ஆன்டிபாடி ஒட்டின டெங்கு வைரஸ் எஃப்சி ரிசெப்டரால உள்ள வாற அதே நேரம் அதயும் பிடிச்சிக்கொள்ளுது, அப்ப வைரஸ் வந்திட்டு எண்டு செல் எழுப்ப வேண்டிய இன்டர்ஃபெரான் எண்ட எச்சரிக்கை அமுங்கிப் போகுது, வைரஸ் சத்தமில்லாம பெருகுது. பிறகு வைரஸ் கூடின பிறகு செல்கள் சைட்டோகைன் எண்ட சிக்னல் புரதங்கள அள்ளிக் கொட்ட, சின்ன ரத்தக்குழாய்கள்ட சுவர் கசியத் தொடங்கி, ரத்தத்தில இரிக்கிற நீர் நெஞ்சுக்கும் வயித்துக்கும் இறங்குது. டெங்குல ஆக்கள் சாகிறது பெரும்பாலும் இதாலதான், நாங்க பிளேட்லெட்ட மட்டும் பாக்காம பிசிவி, அதாவது ரத்தத்தில சிவப்பு செல்கள்ட பங்கு, ஏறுதா எண்டும் பாக்கிறது இதுக்குத்தான்.

ஆனா ரெண்டாம் தரம் வந்த எல்லாருக்கும் இப்பிடி ஆகாது, பெரும்பாலானவங்க சுகமாகித்தான் போறாங்க. நிக்கரகுவாவுல பிள்ளைகள வருசக்கணக்காத் தொடர்ந்து பாத்து 2017ல சொன்னது, ஆன்டிபாடி நல்லா இரிந்தா பாதுகாப்பு, இல்லவே இல்லாட்டியும் இந்த ஆபத்தில்ல, இடைநடுவில ஒரு அளவுல இரிந்தாத்தான் ஆபத்துக் கூட எண்டு. தாய்ட்ட இரிந்து வந்த ஆன்டிபாடி குறைஞ்சிக்கொண்டு போற வயசில, ஆறு மாசம் தாண்டின கைக்குழந்தைக்கு முதல் டெங்குவே கடுமையா வாறதும் அதே காரணம்தான்.

அதனால எதிர்ப்பு சக்தி கூட்டுற பவுடர் குடுக்கவா எண்டு கேட்டதுக்கு, வேணாம். அதுக்குப் பதிலா காய்ச்சல் வந்து மூண்டாம் நாளே எஃப்பிசி, அதாவது ரத்த செல்கள எண்ணுற டெஸ்ட், எடுங்க, முந்தி டெங்கு வந்தத டொக்டருக்குக் கட்டாயம் சொல்லுங்க, பரசிட்டமோல் தவிர டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அஸ்பிரின் ஒண்டும் குடுக்க வேணாம். காய்ச்சல் விட்ட உடன பள்ளிக்கூடம் அனுப்பிடாதீங்க, அந்த கசிவு தொடங்கிறது பெரும்பாலும் காய்ச்சல் இறங்குற நேரத்திலதான். வயித்து நோ, விடாத சத்தி, சலம் குறையிறது, கை கால் குளிர்றது ஏதும் கண்டா, ராத்திரியெண்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.