பொங்கலுக்கு ஏற்காட்டில் அறை போடலாமா?

வணக்கம் சார். அப்பாவுக்குச் சொந்த ஊர் ஓமலூர் பக்கம், நான் படித்தது, வேலை பார்ப்பது எல்லாம் புனேயில். என் பிள்ளைகள் பொங்கலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். வருகிற பொங்கலன்று ஏற்காடு வந்து நான்கு நாள் தங்கலாம் என்று ஏரிக்கரையில் அறை பார்த்து வைத்திருக்கிறேன். அறுவடைத் திருவிழாவை எங்கே போய்ப் பார்த்தால் நன்றாக இருக்கும்?
ஒரு வாசகி, புனே

அன்புள்ள சகோதரி,

அறைக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். பொங்கல் ஓரிடத்தில் போய் நின்று பார்க்கிற விழா இல்லை. தேர் கிடையாது, ஊர்வலம் கிடையாது. அவரவர் வாசலில் அடுப்பு மூட்டி, பால் பொங்கும்போது பொங்கலோ பொங்கல் என்று சத்தம் போட்டு, சாமி கும்பிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். அந்த வாசல் உங்களுக்கு வேண்டும், விடுதி அறையில் அது கிடைக்காது. அறுவடை வேலையும் அன்றைக்கு நடக்காது, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள்.

அதனால் ஒரு வாரம் முன்னால், ஜனவரி 7, 8 தேதிவாக்கில் வந்துவிடுங்கள். முதலில் ஏற்காடு. மலையில் அப்போது காப்பிப் பழம் பறிக்கிற காலம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த பயிர் அது. ஒரே கிளையில் பச்சைக் காயும் சிவந்த பழமும் சேர்ந்தே இருப்பதால் ஒவ்வொன்றாகக் கையால்தான் பார்த்துப் பறிக்க வேண்டும். தோட்டக்காரரிடம் கேட்டு ஒரு பழத்தைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். இரண்டு விரலால் அழுத்தினால் வழுவழுவென்று இரண்டு கொட்டை வெளியே வரும், சப்பினால் லேசாக இனிக்கும், காப்பி வாசனை துளிகூட இருக்காது. இதிலிருந்தா காப்பி என்று நம்ப மாட்டார்கள். இரண்டு நாள் போதும். குளிரும், ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள்.

அப்புறம் கீழே இறங்கி உங்கள் ஓமலூருக்கே போங்கள். அந்தப் பக்கம், காமலாபுரம் வரைக்கும், பொங்கல் நெருங்க நெருங்க வெல்ல ஆலைகளில் அடுப்பு அணைவதே இல்லை. கரும்புச் சக்கையையே அடுப்பில் தள்ளி எரிக்கிறார்கள், பெரிய கொப்பரையில் சாறு கொதிக்கக் கொதிக்க நுரையோடு வரும் அழுக்கை எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், பாகு பதம் வந்ததும் ஆறவிட்டுச் சூட்டோடு சூடாக உருண்டை பிடிக்கிறார்கள். கையில் வாங்கும் முதல் உருண்டை இளஞ்சூடாக இருக்கும். அந்த வெல்லம்தான் சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வருகிறது. வெள்ளையாகப் பளபளக்கிறதை வாங்காதீர்கள், கருத்ததை வாங்குங்கள்.

போகியன்று எங்கள் பக்கம் காப்புக் கட்டுவோம். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசல் நிலையில், கூரையில், மாட்டுக் கொட்டகையில், வயல் மூலையில்கூடச் செருகுவோம். முந்தின நாளே பிள்ளைகளைப் பூப்பறிக்க அனுப்புங்கள். பொங்கலை விட அவர்களுக்கு இதுதான் நினைவிருக்கும், எனக்கு இன்றும் இருக்கிறது.

தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2025இல் தை முதல் நாள் ஜனவரி 14, 2026இல் 15. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்குச் சாயம் பூச ஆள் தேவைப்படும், பிள்ளைகளை விடுங்கள். காணும் பொங்கலன்று மட்டும் மலையேற வேண்டாம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு வருடம் மூன்று மணி நேரம் வண்டி நகரவே இல்லை, பின்சீட்டில் குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது எனக்கு மறக்காது.

ரயிலில் 60 நாளுக்கு முன்பே டிக்கெட் திறந்துவிடும், அதனால் நவம்பரிலேயே உட்கார்ந்துவிடுங்கள். அதற்கும் முன்னால் ஒன்று. ஊரில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள், அத்தை வீடோ பெரியப்பா வீடோ, போன் போட்டு “பொங்கலுக்கு வர்றோம்” என்று சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், பொங்கலுக்கு வருகிறவர்களை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள்.